வெள்ளத்தில் நனைந்த கேம் சிடிகள்: வைத்துக்கொள்ளவா, கொடுத்துவிடவா?

சிந்துபூந்துறை எழுதியது:

வணக்கம் மக்களே. இத்தனை நாளும் இங்கே வாசிப்பதோடு சரி. இன்றைக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 112 கம்ப்யூட்டர் கேம் பெட்டிகள் இருந்தன, எல்லாம் ஒரிஜினல். 2001-இல் பாலிடெக்னிக் படிக்கும்போது வாங்கிய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 தொடங்கி 2015 வரை சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை. அந்தக் காலத்தில் நம் ஊரில் ஒரிஜினல் கிடைப்பதே அபூர்வம், பாதி மதுரைக்கும் சென்னைக்கும் போகும்போது வாங்கியது, மீதி கூரியரில் வரவழைத்தது. முன்னறைச் சுவர் அலமாரியில் ஐந்து தட்டு முழுக்க அடுக்கி வைத்திருந்தேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகள் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது என்று பிற்பாடுதான் தெரியும், எங்களுக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் தாமிரபரணி தெருவுக்குள் வந்துவிட்டது என்பதுதான். அப்பா அம்மாவை மாடிக்கு ஏற்றி, மருந்து, அரிசி, வீட்டுப் பத்திரம், சிலிண்டர் எல்லாம் தூக்கிப் போவதற்குள் இடுப்பளவு தண்ணீர். அலமாரியின் கீழ் இரண்டு தட்டும் முழுகிவிட்டன. அதில் 47 பெட்டி.

தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள்தான் அவற்றைத் தொட நேரம் கிடைத்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே கட்டன் சாயா நிறத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, கையேடு ஊறி உப்பிக் களிமண் மாதிரி இருக்கிறது, டிவிடியின் மேல் பவுடர் போல நைசான வண்டல். குழாயில் தண்ணீர் வரவில்லை, லாரித் தண்ணீரில் ஒரு வாளி ஒதுக்கி ஒவ்வொன்றாக அலசி, தட்டட்டியில் நிழல் பார்த்துக் கோரைப்பாய் விரித்து அதில் காயவைத்தேன். மொத்தம் 61 சிடி, டிவிடி. அப்புறம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் 52 ஒழுங்காகப் படிக்கிறது. எனக்கே நம்ப முடியவில்லை.

ஆனால் சீரியல் கீ, அதாவது இன்ஸ்டால் செய்யும்போது கேட்கும் எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை, அச்சடித்திருந்தது கையேட்டின் பின்னட்டையில். 19 விளையாட்டுகளுக்குக் கீ போய்விட்டது. டிவிடி பளபளவென்று இருக்கிறது, இன்ஸ்டால் செய்யப் போனால் கீ கேட்டு அங்கேயே நின்றுவிடுகிறது.

அடுத்த மாதம் பெருமாள்புரத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போகிறோம். கார்த்திகை மார்கழி வந்தாலே அம்மாவுக்குத் தூக்கம் இல்லை, அதனால்தான். அங்கே இடம் குறைவு. பெங்களூரில் இருக்கும் தம்பி, எல்லாமே ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடியில் கிடைக்கிறது, இதைச் சுமந்துகொண்டு எங்கே போகிறாய் என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

வண்ணாரப்பேட்டை எழுதியது:

அண்ணாச்சி, வாசிக்கவே கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டிலும் ஃப்ரிட்ஜ், வாஷிங்மெஷின் எல்லாம் போச்சு. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: கொடுத்துவிடுங்கள்.

என்னிடமும் நாற்பது பெட்டி இருந்தது, 2017-இல் எல்லாவற்றையும் கொடுத்தேன். எனக்குப் பெட்டி ஆசை விட்டுப்போனது ஜி.டி.ஏ. 5 வாங்கிய அன்றைக்கே. 2015 ஏப்ரலில் அது வந்தபோது பெட்டிக்குள் 7 டிவிடி. சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு இன்ஸ்டால் முடிந்தால் அதற்குமேல் பல ஜிபி டவுன்லோடு. எங்கள் வீட்டு இணைப்பில் இரண்டு நாள் ஆனது. அதன்பிறகு அந்த ஏழு டிவிடியையும் நான் தொடவே இல்லை. ஹாஃப் லைஃப் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 2004-லேயே பெட்டியில் வாங்கினாலும் ஸ்டீம் கணக்கு இல்லாமல் ஓடாது. பெட்டி என்று நாம் வாங்கியதில் பாதிக்கு மேல் வெறும் நுழைவுச்சீட்டுதான்.

தி க்ரூ என்று யுபிசாஃப்ட் கார் விளையாட்டு இருந்ததே, 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். டவுன்லோடு செய்தவனுக்கும் ஓடவில்லை, டிவிடி வைத்திருந்தவனுக்கும் ஓடவில்லை. அப்புறம் டிவிடி எதற்கு?

2015 கடைசியில் ஸ்டீமில் ரூபாயிலேயே விலை போட ஆரம்பித்தபிறகு நான் 300 விளையாட்டு வாங்கியிருக்கிறேன். வெள்ளத்தின்போது நான்கு நாள் சிக்னல் இல்லை, ஐந்தாம் நாள் திறந்தால் ஒன்றுகூடக் குறையவில்லை. உங்கள் அலமாரிக்கு அந்த உத்தரவாதம் இல்லையே அண்ணாச்சி.

பேட்டை சர்வீஸ் எழுதியது:

எதையும் கொடுத்துவிடாதீங்க, அவசரப்படாதீங்க. கீ போன அந்த 19 விளையாட்டையும் முதலில் எந்த கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்தீர்கள்? அந்த கம்ப்யூட்டர், இல்லை அதன் ஹார்டு டிஸ்க் மட்டுமாவது, எங்கேயாவது இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள். விவரமாக ராத்திரி எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறது.

சிந்துபூந்துறை எழுதியது:

வண்ணாரப்பேட்டை தம்பி, நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். ஸ்டீமில் கீ போட்டு முடித்த பெட்டிகள் என்னிடமும் இருக்கின்றன, அவற்றை வைத்து ஒரு பயனும் இல்லை. மேல் தட்டு முழுக்க அதுதான்.

என் கவலை மற்றவற்றைப் பற்றி. ஜி.டி.ஏ. வரிசையில் சான் ஆண்ட்ரியாஸ் 2005-இல் பி.சி.க்கு வந்த டிவிடி என்னிடம் இருக்கிறது. 2014-இல் பாட்டு உரிமம் முடிந்தது என்று சொல்லி ஸ்டீமில் இருந்த பதிப்பில் ரேடியோப் பாட்டுகள் சிலவற்றை எடுத்துவிட்டார்கள். பணம் கொடுத்து முன்பே வாங்கியவர்களுக்குக்கூட அப்டேட் வந்து பாட்டு போய்விட்டது. பாலைவன ரோட்டில் கார் ஓட்டிக்கொண்டே எந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தேனோ அது என் டிவிடியில் இன்றைக்கும் இருக்கிறது, யாரும் என் வீட்டுக்கு வந்து அழித்துவிட்டுப் போக முடியாது.

நீட் ஃபார் ஸ்பீடு மோஸ்ட் வான்டட், 2005-இல் வந்தது, அதை இன்றைக்கு எந்த ஆன்லைன் கடையில் வாங்குவீர்கள்? 2021 மே 31-இல் அதே வரிசையில் வந்த கார்பன், அண்டர்கவர், ஷிஃப்ட், தி ரன் எல்லாவற்றையும் விற்பனையிலிருந்து எடுத்தார்கள். அதை வெளியிட்ட இ.ஏ. கம்பெனியின் கிரிக்கெட் 07-க்கு டவுன்லோடு கடையே கிடையாது, அதற்குப் பிறகு அவர்கள் கிரிக்கெட் பக்கமே வரவில்லை. என் பெங்களூர்த் தம்பி சொல்லும் 'எல்லாமே ஸ்டீமில் கிடைக்கிறது' என்பது என் அலமாரியைப் பார்க்காதவர் சொல்வது. மோஸ்ட் வான்டட் கீ போன 19-இல் ஒன்று, அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

பேட்டை அண்ணாச்சி, அந்தப் பழைய கம்ப்யூட்டரை 2012-இல் கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தேன், பிள்ளை படம் வரைய. இப்போது மச்சில் கிடப்பதாகச் சொல்கிறாள்.

தென்காசிச் சாரல் எழுதியது:

வெள்ளம் உங்களுக்கு ஒரு தடவை வந்தது. எங்கள் பக்கம் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் காற்றிலேயே தண்ணீர்தான், துணியே காயாது. என் சேகரிப்பில் பாதியை அழித்தது அந்த ஈரம். சிடியின் மேல் வெள்ளையாக நூல் நூலாகப் பூஞ்சை படரும், கேமரா லென்ஸில் வருகிறதே, அதே மாதிரி. கவனிக்காமல் விட்ட சிடிகளில் விளிம்பிலிருந்து உள்ளே, தகவல் பதிந்த உலோகத் தகட்டைத் தின்றுகொண்டு போயிருந்தது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளை மாதிரி தெரியும். அப்படித் துளை தெரிந்தால் அந்த இடத்தில் இருந்த தகவல் போனதுதான், மீட்க வழியில்லை.

நிறையப் பேர் பளபளக்கும் கீழ்ப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறார்கள். சிடியில் தகடு இருப்பது மேல்பக்கம், படம் அச்சடித்திருக்கிறதே அதற்கு நேர் கீழே, நடுவில் மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான். கீழே கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம், மேலே பால்பாயின்ட் பேனா அழுத்திக் கீறினால் தீர்ந்தது. டிவிடி வேறு மாதிரி, 0.6 மி.மீ. பிளாஸ்டிக் வட்டு இரண்டை ஒட்டி நடுவில் தகவலை வைத்திருப்பார்கள். அதனால்தான் அண்ணாச்சியின் டிவிடிகள் தப்பித்திருக்கும். ஆனால் ஒட்டிய விளிம்பில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள், ஓரம் கலங்கலாகத் தெரிந்தால் உடனே அதை முதலில் நகல் எடுங்கள்.

துடைப்பது எப்போதும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக. வட்டமாகத் துடைத்தால் கீறலும் தகவல் ஓடும் திசையிலேயே விழும், டிரைவால் அதைத் தாண்டிப் படிக்க முடியாது. பெட்டிக்குள் அந்துருண்டை போடாதீர்கள், நான் போட்டு அனுபவப்பட்டேன், கண்ணாடி மாதிரி இருக்கும் சிடி பெட்டி பிசுபிசுத்துப் போயிற்று. சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும், பெட்டியை நிற்கவைத்து அடுக்குங்கள், சுவரை ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம்.

அம்பை பிரவுசிங் எழுதியது:

அம்பாசமுத்திரத்தில் 2004 முதல் 2012 வரை பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு மெஷின், மணிக்கு 15 ரூபாய். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள், கவுன்டர் ஸ்ட்ரைக், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், கிரிக்கெட் 07, இந்த மூன்றில்தான் என் கடை ஓடியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கடையில் ஓடியதில் முக்கால்வாசி காப்பி சிடி. நம் ஊரில் அன்றைக்கு எல்லாருக்கும் அதுதான். ஒருத்தர் ஐம்பது ரூபாய்க்கு எழுதிக் கொடுப்பார், மேலே மார்க்கரில் பெயர் எழுதியிருக்கும். கடையை மூடும்போது அப்படி 70 சிடியை ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். 2019-இல் என் மகன் ஆசையாக எடுத்துப் போட்டால் 25தான் படித்தது. எழுதும் சிடியில் சாயம்தான் தகவல், வெயில் பட்டால் வெளுத்துவிடும். அதே டப்பாவில் கிடந்த ஒரிஜினல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் நேற்று வாங்கியது மாதிரி படித்தது. ஒரிஜினலுக்கு அன்றைக்குக் காசு கொடுத்த சிந்துபூந்துறை அண்ணாச்சியை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை தம்பிக்கு ஒன்று. கேம்ஸ்பை என்று ஒரு சேவை இருந்தது, அதை நம்பித்தான் பல விளையாட்டுகளின் ஆன்லைன் ஆட்டம் நடந்தது. 2014 மே 31-இல் மூடினார்கள், ஆன்லைன் போய்விட்டது. ஆனால் பழைய விளையாட்டுகளில் லேன் என்று தனியாக ஒன்று இருக்குமே, ஒரு வயரை இழுத்து இரண்டு மெஷினைச் சேர்த்தால் போதும், எந்த கம்பெனியின் சர்வரும் வேண்டாம். பொங்கல் விடுமுறைக்கு மருமகப்பிள்ளைகள் வந்தால் நான்கு பழைய மெஷினை வயரில் கட்டி இன்றைக்கும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடுகிறோம். நெட் இல்லை, கணக்கு இல்லை, பாஸ்வேர்டு இல்லை.

பாளை வக்கீல் எழுதியது:

சட்டப் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் சொல்கிறேன். ஆன்லைன் கடையில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தினாலும் நாம் பெறுவது உரிமம்தான், பொருள் கைக்கு வருவதில்லை. கலிஃபோர்னியாவில் இதைக் கடைக்காரர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று 2024-இல் சட்டம் போட்டார்கள், 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. ஸ்டீமும் பணம் கட்டும் பக்கத்தில் அந்த வாசகத்தைச் சேர்த்துவிட்டது. அந்தக் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் அவர்கள் விதி இடம் கொடுக்காது. அண்ணாச்சியின் பெட்டிகளை அவர் மருமகனுக்குத் தூக்கிக் கொடுக்கலாம், வண்ணாரப்பேட்டைத் தம்பியின் 300 விளையாட்டையும் அப்படிக் கொடுக்க முடியாது.

நகல் எடுப்பதைப் பற்றிச் சிலர் பயப்படுவார்கள். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(ஏஏ), கம்ப்யூட்டர் புரோகிராமின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தோ சேதமாகியோ போகலாம் என்பதால் தற்காலிகப் பாதுகாப்புக்கென்று பேக்கப் எடுத்துக்கொள்வதை அனுமதிக்கிறது. எடுத்ததைச் சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், விற்கவோ பங்குபோடவோ கூடாது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு, காப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டை உடைப்பதைத் தண்டிக்கிறது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியும் பில்லும் கையில் இருந்தால் நல்லது.

வடக்கு ரதவீதி அக்கா எழுதியது:

சிந்துபூந்துறைத் தம்பி, நான் பள்ளிக்கூட நூலகத்தில் இருபது வருஷம் இருந்தவள். எனக்கு அட்வெஞ்சர் விளையாட்டுகள் உயிர். 1997-இல் வந்த ரிவன் ஐந்து சிடி, ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போனால் சிடி மாற்றவேண்டும், அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

நீங்கள் எல்லாரும் சிடியைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அந்தக் காகிதங்களை நினைத்துத்தான் வருத்தம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பெட்டியில் நான்கைந்து மடிப்பாக ஒரு பெரிய தாள் வருமே, எந்தக் கட்டடத்திலிருந்து எந்தப் படை, எதைப் படித்தால் எது திறக்கும் என்று, அதை ஸ்கேன் எடுத்தாவது வைத்திருக்கிறீர்களா? விளையாட்டை ஆன்லைனில் வாங்கினால் அந்தத் தாள் வராது. நான் என்னிடம் இருக்கும் எல்லாக் கையேட்டையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுத்து, கீயைத் தனியாக ஒரு நோட்டில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டு மட்டும் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.

நனைந்த கையேடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? வழவழப்பான தாள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் அநேகமாகப் பிரியாது, ஈரமாக இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் தாள் வைத்திருக்க வேண்டும், கரண்ட் இருந்திருந்தால் ஃப்ரீசரில் போட்டாவது வைத்திருக்கலாம். அன்றைக்கு இருந்த நிலைமையில் உங்களை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று செய்யுங்கள். கையேடு செருகியிருக்கும் இடது பக்கப் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். பின்னட்டை அதன்மேல்தான் அழுந்திக் கிடந்திருக்கும், கீ அச்சடித்த மை சில சமயம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வரும். எழுத்து இடவலம் மாறித் தெரியும், அதனால் முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டிப் படிக்கவேண்டும். பெட்டியைக் கழுவிவிட்டீர்கள் என்றால் போச்சு.

சிந்துபூந்துறை எழுதியது:

அக்கா! கழுவவில்லை. சிடியை மட்டும்தான் கழுவினேன், பெட்டியை மண்ணோடு சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டேன். இப்போதே போய்ப் பார்க்கிறேன்.

பேட்டை சர்வீஸ் எழுதியது:

மன்னிக்கணும், சொன்ன மாதிரி நேற்று ராத்திரி எழுத முடியவில்லை.

கல்லிடைக்குறிச்சி மெஷினை ஆன் செய்யவேண்டாம் என்று தங்கச்சியிடம் முதலில் சொல்லுங்கள். பத்து வருஷம் மச்சில் கிடந்த மெஷினில் தூசியும் பல்லி முட்டையும்தான் இருக்கும், பவர் சப்ளை கெபாசிட்டர் உப்பியிருந்தால் போர்டையும் சேர்த்து எரித்துவிடும். மூடியைக் கழற்றி ஹார்டு டிஸ்க்கை மட்டும் எடுங்கள். யுஎஸ்பி கனெக்டர் ஒன்று வாங்கி உங்கள் லேப்டாப்பில் மாட்டுங்கள். எதையும் திறப்பதற்கு முன்னால் முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜாக, அதாவது அப்படியே ஒரே ஃபைலில் அடங்கும் நகலாக எடுத்துவிடுங்கள், பழைய டிஸ்க் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

இன்ஸ்டால் செய்த புரோகிராம்களின் விவரத்தை விண்டோஸ் குறித்து வைக்கும் இடம்தான் ரிஜிஸ்ட்ரி, விண்டோஸ் எக்ஸ்பியில் அது சில ஃபைல்கள்தான். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அதற்குள் சாஃப்ட்வேர் என்று பெயர் போட்ட ஃபைல். அதைக் காப்பி எடுத்து, உங்கள் லேப்டாப்பில் ரெஜ்எடிட் திறந்து 'லோடு ஹைவ்' கொடுத்தால் பழைய மெஷினின் ரிஜிஸ்ட்ரி அப்படியே திறக்கும். இ.ஏ. விளையாட்டுகள் பலவற்றில் கம்பெனி பெயரில் ஒரு கிளை, அதற்குள் விளையாட்டின் பெயர், அதற்குள் 'எர்க்' என்று நான்கு எழுத்தில் ஒன்று இருக்கும், இ, ஆர், ஜி, சி. நீங்கள் அன்றைக்கு டைப் செய்த கீ அதில்தான் இருக்கிறது. மற்ற கம்பெனிகளும் அங்கங்கே இப்படித்தான் எழுதி வைத்திருப்பார்கள், விளையாட்டின் பெயரைத் தேடுங்கள்.

இன்னொரு விஷயம், யாரும் சொல்லவில்லை. கீ கிடைத்தாலும் விண்டோஸ் 10, 11-இல் நிறைய ஓடாது. 2000-களில் வந்த பல சிடிகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு உண்டு, அதற்கு விண்டோஸுக்குள் டிரைவர் என்ற ஒரு துணை புரோகிராம் வேண்டும். பாதுகாப்பு ஓட்டை என்று அதை விண்டோஸ் 10-இல் சேர்க்கவே இல்லை, 2015 செப்டம்பரில் பழைய விண்டோஸ் 7, 8-லும் அப்டேட் போட்டு முடக்கினார்கள். கடைக்கு வருகிறவர்கள் சிடி கெட்டுப்போச்சு என்று தூக்கி எறியப் பார்ப்பார்கள், சிடியில் ஒரு குறையும் இருக்காது. இன்னும் பழசு என்றால் விளையாட்டு 32 பிட்டாக இருந்தும் அதன் செட்டப் ஃபைல் 16 பிட்டாக இருக்கும், 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. அதனால் ஒரு எக்ஸ்பி மெஷினை நெட்டில் மாட்டாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். போர்டு பேட்டரி 2032 ஒன்று மாற்றுங்கள். சிடி டிரைவ் தட்டு வெளியே வரவில்லை என்றால் டிரைவ் செத்துவிட்டது என்று நினைக்காதீங்க, உள்ளே வளையல் மாதிரி ஒரு சின்ன ரப்பர் பெல்ட் இருக்கும், அது தளர்ந்திருக்கும். முன்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், ஜெம் கிளிப்பை நிமிர்த்தி உள்ளே அழுத்தினால் தட்டு வரும், அப்புறம் பெல்ட்டை மாற்றிக்கொள்ளலாம்.

நகல் எடுக்கும்போது எல்லாவற்றையும் ஐ.எஸ்.ஓ.வாக, அதாவது டேட்டா மட்டும் இருக்கும் ஒற்றை ஃபைலாக எடுத்துவிடாதீங்க. 1996 குவேக் சிடியைப் பாட்டு பிளேயரில் போட்டால் இரண்டாவது டிராக்கிலிருந்து இசை ஓடும், அது ஆடியோ சிடியும்தான். ஐ.எஸ்.ஓ.வில் அந்த இசை வராது. 'பின்', 'க்யூ' என்று இரண்டு ஃபைலாக எடுத்தால்தான் முழுசாக வரும்.

வண்ணாரப்பேட்டை எழுதியது:

சான் ஆண்ட்ரியாஸ் பாட்டு விஷயம் உண்மைதான், நேற்று என் கணக்கில் திறந்து பார்த்தேன். ஒரு ஸ்டேஷனில் நான் எதிர்பார்த்த பாட்டு வரவே இல்லை. அதைக் கவனிக்காமலே இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

இருந்தாலும் எல்லாராலும் இவ்வளவு செய்ய முடியாது என்பதில் நான் மாறவில்லை. எக்ஸ்பி மெஷின், ரப்பர் பெல்ட், சிலிக்கா ஜெல், ஸ்கேனர்... வேலைக்குப் போய்விட்டு வரும் மனிதனுக்கு எங்கே நேரம்? எனக்குச் சரியாக வருவது ஜி.ஓ.ஜி. என்ற ஆன்லைன் கடை. போலந்துக்காரர்கள் 2008-இல் தொடங்கியது, பூட்டே இல்லாத இன்ஸ்டாலர் கொடுக்கிறார்கள், டவுன்லோடு செய்து ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் கடை மூடினாலும் ஓடும். அங்கே கிடைப்பதைப் பெட்டியாகச் சுமக்கவேண்டாம் அண்ணாச்சி. எங்கேயும் கிடைக்காததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு இனி நான் குறுக்கே பேசமாட்டேன்.

தென்காசிச் சாரல் எழுதியது:

'எங்கேயும் கிடைக்காதது' கொஞ்சம்தான் என்று நினைத்துவிடாதீர்கள் தம்பி. அமெரிக்காவில் விளையாட்டு வரலாற்றைக் காப்பதற்கென்றே இருக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன்னால் அங்கே வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்றைக்கு விற்பனையில் இல்லை என்றார்கள். பி.சி. மட்டும் இல்லை, எல்லா மெஷினையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. அண்ணாச்சி அலமாரியிலும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

சிந்துபூந்துறை எழுதியது:

எல்லாருக்கும் மூன்று வாரம் கழித்துப் பதில். சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா, முதலில் உங்களுக்கு. சாக்கை அவிழ்த்து 19 பெட்டியையும் எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானதில் மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மூன்றில், பிளாஸ்டிக்கின் உள்பக்கம் மண்ணை உலர்ந்த பிரஷால் மெல்லத் தட்டிவிட்டபோது, சாம்பல் நிறத்தில் எழுத்து வரிசை தெரிந்தது. அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை ஜன்னலோரம் வைத்து, அவள் டார்ச் பிடிக்க, நான் ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். 'பி'யா 'எட்டு'வா என்று ஒரு இடத்தில் தெரியவில்லை, இரண்டையும் போட்டுப் பார்த்ததில் எட்டு. மூன்று கீயும் வேலை செய்கிறது.

கல்லிடைக்குறிச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். பேட்டை அண்ணாச்சி சொன்ன மாதிரியே மெஷினுக்குள் பல்லி முட்டை. 80 ஜிபி ஹார்டு டிஸ்க், மாட்டியதும் ஒரு மாதிரி தேய்க்கும் சத்தம், எனக்குக் கை நடுங்கியது. இமேஜ் எடுக்க ராத்திரி ஒன்றே முக்கால் ஆயிற்று, மருமகனும் தூங்காமல் கூடவே உட்கார்ந்திருந்தான், அவனுக்குப் பதினான்கு வயது. ஹைவ் லோடு செய்து கிளை கிளையாகப் போனால் 2006-இல் நான் அடித்த கீ அப்படியே இருக்கிறது. மோஸ்ட் வான்டட், கிரிக்கெட் 07 இரண்டும் கிடைத்தன, மொத்தம் 8. கண்ணாடியில் படித்த மூன்றோடு சேர்த்தால் 19-இல் 11 திரும்பிவிட்டது. மீதி எட்டுக்கு நான் வேறு வழி தேடவில்லை, சிடியை மட்டும் நகல் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

வண்ணாரப்பேட்டைத் தம்பி சொன்னபடி, கணக்கோடு கட்டிப்போட்ட பெட்டிகளைப் பிரித்தேன், 31 தேறியது. அந்த டிவிடிகளைக் கழித்துவிட்டேன், அட்டைகளை மட்டும் மடித்து வைத்திருக்கிறேன், அது மனசு கேட்காததால். ஜி.ஓ.ஜி.யில் கிடைக்கும் 14 விளையாட்டை அங்கேயும் வாங்கி இன்ஸ்டாலரை ஹார்டு டிஸ்க்கில் போட்டுவிட்டேன், ஆனால் அந்தப் பெட்டிகளைக் கொடுக்கவில்லை. ஆக 81 பெட்டி பெருமாள்புரத்துக்கு வருகிறது. இந்தத் தடவை அலமாரியின் மேல் தட்டுகளில் மட்டும், சாரல் அண்ணாச்சி சொன்ன நான்கு விரல் இடைவெளியோடு. நகல்கள் இரண்டு ஹார்டு டிஸ்க்கில், ஒன்று என்னிடம், ஒன்று கல்லிடைக்குறிச்சி பீரோவில். கீயெல்லாம் ஒரு நோட்டில், அக்கா செய்த மாதிரி. தங்கச்சி வீட்டு மெஷினுக்குப் பவர் சப்ளை, பேட்டரி, வேறு ஹார்டு டிஸ்க் எல்லாம் மாற்றி எக்ஸ்பி போட்டாயிற்று. மோஸ்ட் வான்டட் முதல் ரேஸில் மருமகன் மூன்று தடவை சுவரில் இடித்து நான்காவது தடவை ஜெயித்தான்.

பேட்டை அண்ணாச்சி, படிக்காத 9 சிடி இருக்கிறது. சனிக்கிழமை எடுத்து வரட்டுமா? கடை எத்தனை மணிவரை?

பேட்டை சர்வீஸ் எழுதியது:

எட்டரை வரை இருப்பேன். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி எடுத்து வராதீங்க, தனித்தனியாகத் தாள் உறையில் போட்டு வாங்க. என்னிடம் ஐந்து டிரைவ் இருக்கிறது, ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும். எதுவும் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் ஒன்றிரண்டாவது தேறும்.